முக்கால் விநாடி

அக்டோபர் 24

துப்பாக்கி கிளப் மைதானத்தில் எழுநூறு கெஜத்தில் ஐந்துக்கு ஐந்து. ஒவ்வொரு குண்டுக்கும் இரும்புத் தட்டு ‘டங்’ என்று பதில் சொல்லியது. லோவெல் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீ இப்படிச் சுடுவேன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, உன்னக் கட்டிக்கக் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்” என்றான். இவன் எதை யோசித்துச் செய்திருக்கிறான்?

நாளை மறுநாள் எல்க் என்கிற பெரிய மானின் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. என்னிடம் ஒரு அனுமதிச் சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு மான், சுட்டதும் அதன் காலில் கட்டிவிட வேண்டும்.

அக்டோபர் 27

தவறிவிட்டது.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கச் சரிவில் கூட்டம். ஓரத்தில் ஒரு பெண் எல்க், விலாவை முழுதாகக் காட்டிக்கொண்டு. அறுநூற்று நாற்பது கெஜம், காற்று இல்லை. குண்டு போய்ச் சேர முக்கால் விநாடி. துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகைத் தூரத்துக்குச் சரிசெய்து, பாதி மூச்சை விட்டுச் சுட்டேன். துப்பாக்கி உதைத்ததில் மான் என் பார்வையிலிருந்து போய்விட்டது. மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் கூட்டமே மரங்களுக்குள் ஓடிவிட்டது.

லோவெல் பக்கத்தில் படுத்துப் பெரிய தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, “குண்டு மேல போயிருச்சு. பாறையில பட்டுச்சு” என்றான்.

கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தவறியது என்று நினைத்தாலும் மான் நின்ற இடத்துக்கு நடந்து போய்ப் பார். இன்று நான் போகவில்லை. இறங்கி ஏற இரண்டு மணி நேரம். பனிமேகம். லோவெலின் முழங்கால். எல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

அக்டோபர் 28

பனி கொட்டித் தீர்த்துவிட்டது. இனி அங்கே போனாலும் தடம் இருக்காது.

பாறையில் பட்டால் சத்தம் கூர்மையாக வரும். நேற்று வந்தது அப்படியா? கோடாலியின் பின்பக்கத்தால் விறகைத் தட்டியது போல—

வேண்டாம். எதிரொலி.

அக்டோபர் 30

பாத்திரம் கழுவும்போது மறுபடி அந்தச் சத்தம்.

நவம்பர் 2

இருநூறு கெஜத்தில் ஒரு பெண் எல்க். நின்ற இடத்திலேயே விழுந்தது. சீட்டைக் கிழித்துக் காலில் கட்டினேன். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. குளிர் என்று லோவெலிடம் சொன்னேன்.

இந்த ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, சட்டப் புத்தகத்தில் கிடையாது. நீ சுட்டுக் காயம்பட்டது கைக்குக் கிடைக்காவிட்டாலும் அது உன் மான், உன் சீட்டு தீர்ந்தது. நான்தான் எதையும் காயப்படுத்தவில்லையே. எதற்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

நவம்பர் 5

அந்த எல்க்கின் ஈரலை வதக்கினேன். லோவெல் இரண்டு தடவை போட்டுக்கொண்டான். எனக்கு இறங்கவில்லை.

நவம்பர் 10

ஹால்வர் போன் செய்தார். பள்ளத்தாக்கின் கீழே அவருடைய பண்ணை. அதன் வழியாகத்தான் நாங்கள் வேட்டைக்கு ஏறுவோம்.

“ஏம்மா வெர்னா, என் வைக்கப்போர்கிட்ட ஒரு பெண் எல்க் நாலு நாளா நிக்குது. வைக்கல்ல மூஞ்சிய வைக்குது, எடுக்குது, திங்க மாட்டேங்குது. கீழ்த்தாடை தொங்குது. யாரோ சுட்டிருக்காங்க. வேட்டை அதிகாரிய நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். நீங்க அங்கதான போனீங்க, அதான் கேக்குறேன்.”

பதினாலு நாள். பதினாலு நாளா திங்க முடியாம நிக்குது. நான் ஈரல் வதக்கிட்டு இருந்திருக்கேன். என்ன பண்ணிட்டேன் நான், என்ன பண்ணிட்டேன்.

நவம்பர் 11

ஹால்வரின் பண்ணைக்கு லோவெலும் வந்தான். அதிகாரி ஸ்ட்ராண்ட் சின்ன வயதுக்காரர். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல் அந்த எல்க் நின்றது. எங்களைப் பார்த்தும் ஓடவில்லை.

லோவெல் சொன்னான்: “இந்த மலையில நூறு பேர் சுடுறாங்க. யாரோடதுன்னு யாரால சொல்ல முடியும்?”

“சொல்ல முடியாதுதான்” என்றார் ஸ்ட்ராண்ட்.

அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம்.

“என்னோடது” என்றேன். நாள், இடம், தூரம், போய்ப் பார்க்காமல் திரும்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

“உங்க சீட்டு?”

“இன்னொண்ணோட கால்ல கட்டிட்டேன்.”

பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினார். “நான் முடிச்சிரட்டுமா, இல்ல நீங்களேவா?” என்று கேட்டார். நானே என்றேன்.

இருபது அடியில் நின்றேன். துப்பாக்கியில் இருப்பது தூரத்துக்காக வாங்கிய தொலைநோக்கி, அத்தனை கிட்டத்தில் வெறும் மயிர்தான் தெரிந்தது. குழலின் பக்கவாட்டில் பார்த்துத்தான் சுட வேண்டியிருந்தது. அதற்கு முன் அது என்னைப் பார்த்தது. இருபத்தாறு வருடமாக வேட்டையாடுகிறேன், ஒரு மானின் கண் இமைப்பதை இன்றுதான் பார்த்தேன்.



நவம்பர் 12

காலையில் லோவெல் காப்பி ஆறும்வரை கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

“நீ சரியாத்தான் சுட்ட வெர்னா. நீ சுடுறப்ப அது நேரா பாத்துட்டு நின்னுச்சு. குண்டு போயிட்டு இருக்கும்போதுதான் விலாவ நக்கத் தலையத் திருப்புச்சு. நீ குறி வச்ச இடத்துலயே பட்டுச்சு. அங்க தாடை இருந்துச்சு.”

“அப்பவே பாத்தியா?”

“பாத்தேன். தல வெடுக்குன்னு பின்னால போனதப் பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“முட்டி வலிச்சுது. இருட்டறதுக்குள்ள அந்தப் பக்கம் போயிட்டு வரணுமேன்னு இருந்துச்சு. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு தடவகூட கேக்கலியே.”

கத்த வேண்டும் போல் இருந்தது. ஆறிய காப்பியைக் கொட்டிக் கோப்பையைக் கழுவினேன்.

அவன் சொன்னது சரிதான். சத்தத்தைக் கேட்டேன். அவனைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரியும்.