வாடகைக்கு விட்ட முன்னறை

மே 6, 1957. திங்கள்.

விடியும்போதே புழுக்கம். இலை அசையவில்லை.

முன்னறையை வாடகைக்கு விட்டாயிற்று. இவர் முடிவு. கடல்காற்று வாங்க மெட்ராஸிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், பத்து நாளைக்கு. நாளை வருகிறார்கள். 17ந்தேதி கிளம்பியதும் அறையைக் கழுவிவிட்டு, மறுநாள் கடலூர் போய் மகள் செல்வியை அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம். காற்றும் வெளிச்சமும் உள்ள அறை வீட்டில் அது ஒன்றுதான்.

வாசலில் 'அறை வாடகைக்கு' என்று பலகை, பிரெஞ்சில். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி மூன்று வருஷம் ஆகப்போகிறது. மேரி (முனிசிபல்) ஆபீஸ் குமாஸ்தா இவருக்கு இன்னும் துரை நினைப்பு.

வேலை: கட்டில் இடுக்கில் வெந்நீர் (மூட்டைப்பூச்சி). மெத்தை வெயிலில். கொசுவலைக் கிழிசல். புதுப் பானை, அடியில் மணல். தலையணை உறை. இவர் வாயைக் கொஞ்சம் மூடுவது.

மே 7, செவ்வாய்.

வந்துவிட்டார்கள். இனி மெ. ஐயா, மெ. அம்மா. மெட்ராஸ் என்று முழுதாக எழுதக் கை கூசுகிறது.

மெ. அம்மா வாசற்படியிலேயே மூக்கைப் பொத்தினாள். "மீன் சமைக்கிற வீடா?"

இவர் முந்திக்கொண்டு, "சேச்சே, எப்பவாச்சும்தாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் கெடையாது!"

வாரத்தில் நாலு நாள் மீன் இல்லாமல் சோறு இறங்காத வாய் சொல்கிறது. தேங்காய்த்திட்டு மீன்காரி அஞ்சலையிடம் பத்து நாள் கூடை இறக்காதே என்று நான்தான் சொல்ல வேண்டும். "ஊட்டுக்காரி நீயா அவங்களாக்கா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் பார்க்கிறேன், மெ. அம்மா ஒரு செம்பில் சாணியைக் கரைத்து அறை முழுக்கத் தெளிக்கிறாள். நான் முட்டி தேயத் துடைத்த சிவப்புத் தரை. கட்டிலையும் விடவில்லை.

"தப்பா நெனைக்காதம்மா. நாங்க சுத்தம் பாக்கறவங்க."



மே 9, வியாழன்.

சுத்தம் பார்க்கிறவர்களின் சுத்தம்: கிணற்றடியில் பல்பொடி எச்சில், ரோஸ் நிறத்தில். ஜன்னல் கம்பியில் சுருட்டிய தலைமயிர். மெ. ஐயா கட்டிலில் உட்கார்ந்தே கால்நகம் வெட்டுகிறார், நகம் மெத்தையில். இரண்டு தலையணையிலும் எண்ணெய் வட்டம். சீச்சீ.

நான் தொட்ட வாளியை மட்டும் மூன்று தரம் கழுவுகிறாள்.

புளி தீர்ந்துவிட்டது. செல்விக்குப் பழைய வேட்டி கிழித்துத் துணி மடிக்க வேண்டும்.

மே 12, ஞாயிறு.

நேற்று இரண்டு தூறல். இன்று அதைவிடப் புழுக்கம்.

இவர் வாங்கி வந்தது: ரோஜா சோப்பு, மெ. ஐயாவுக்குச் சாய்வு நாற்காலி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சோப்பு வாங்கத் தோன்றவில்லை.

மே 15, புதன்.

சோறு போடும்போது இவர் தரையைப் பார்த்தபடி சொல்கிறார். "அவங்களுக்கு எடம் ரொம்பப் புடிச்சிப்போச்சாம். இன்னும் ஒரு மாசம் இருக்கலாமான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன்."

"செல்வி?"

"சம்பந்தி வீட்லயே பெத்துக்கட்டுமே. அவங்க என்னா வாணாம்னா சொல்லப் போறாங்க?"

கரண்டியைக் கீழே வைத்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இடமில்லை என்றால் காலத்துக்கும் அந்தப் பெண் அங்கே தலைகுனிந்து நிற்க வேண்டும். பெற்ற அப்பன், குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

பிள்ளை பெற வருகிறாள் என்பதையே அவர்களிடம் மறைத்திருக்கிறார். "பொண்ணு லீவுக்கு வருது"ன்னு சொன்னாராம்.

மே 18, சனி.

இவரிடம் சொல்லவில்லை. முதல் பஸ்ஸில் கடலூர். சம்பந்தியம்மா சிரித்த முகமாக அனுப்பினாள். மதியம் செல்வியோடு இறங்கினேன். கை நிறைய வளைகாப்பு வளையல். கால் வீங்கியிருக்கிறது என் பெண்ணுக்கு.

முன்னறை திறந்திருந்தது. நேரே உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தேன். மெ. ஐயா சாய்வு நாற்காலியில் விறைத்துப்போனார்.

மெ. அம்மா ஓடிவந்தாள். "இதென்னம்மா, நெறமாசமா இருக்கா! பிரசவம் எங்க?"

"இங்கதாங்க. இதே கட்டில்ல."

"அய்யய்யோ, தீட்டாச்சே! ஒரே கெணறு, ஒரே நடை! அவருக்கு விரதம் வேற! ஏங்க, பொட்டிய எடுங்க!"

ஒரு மாசத்துக்கு அசைய மாட்டோம் என்றவர்கள், ஒரு சொல்லுக்குப் பறக்கிறார்கள். இவர் பின்னாலேயே ரிக்‌ஷா வரைக்கும் ஓடினார். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேங்க! கொஞ்சம் இருங்க!" பெற்ற மகள் காதில் விழும்படி.

மெ. அம்மா ரிக்‌ஷாவில் ஏறினாள். போய்விட்டு வருகிறோம் என்ற வார்த்தை வரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. எழவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். செல்வி வயிற்றின் மேல் கை வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

அவர்கள் விட்டுப்போன செம்பு மூலையில். கொல்லைக்குப் போய்ச் சாணி எடுத்துக் கரைத்தேன். கட்டில், ஜன்னல், நாற்காலி, ஒரு மூலை விடாமல் தெளித்தேன். வாசலில் வாயைப் பிளந்து நின்ற இவர் வேட்டியிலும் நாலு சொட்டு. துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"என்னம்மா செய்யற?" என்றாள் செல்வி.

"தீட்டு கழிக்கிறேன். அஞ்சலை வந்தா கூடைய எறக்கச் சொல்லு. உனக்கு என்னா மீன் வேணும்?"