அம்மிணி அக்காவின் சுண்டுவிரல்

ஜனவரி 21
தொழுநோய்க் கணக்கெடுப்பின் இரண்டாம் நாள். பன்னிரண்டு வீடு. ஆஷா சுகாதாரப் பணியாளர் வேலைக்கு வந்த பிறகு இந்த வார்டில் என்னை உட்காரச் சொல்லாத வீடு இல்லை. தேமல் பார்க்க முதுகைக் காட்டச் சொன்னால்தான் முகம் மாறுகிறது.

அங்கன்வாடியில் சமைக்கும் அம்மிணி அக்கா, "எனக்கு ஒரு தேமலும் இல்ல மக்கா, போயிட்டு வா" என்றாள். சொல்லிக்கொண்டே கொதிக்கிற கஞ்சிப் பானையை இறக்கினாள். சுண்டுவிரல் பானையில் ஒட்டியபடியே இருந்தது. அவள் கையை இழுக்கவில்லை. நான்தான் கத்தினேன்.

ஜனவரி 22
மறுபடி போனேன். முழங்கையில் வெளுத்த ஒரு தேமல். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் நாலு தடவை தொட்டேன்.

"இன்னும் தொடலியா?" என்று கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் எழுந்துவிட்டாள். "பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கிற கையாக்கும் இது. வெளிய தெரிஞ்சா எனக்கு வேல உண்டா? இனி இஞ்ச வராத."

ஜனவரி 24
வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினாள்.

ஜனவரி 25
ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் ராபின்சனிடம், என் கதையை அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். ஒன்பது வருடம் முன்பு என் இடது தோளில் இருந்தது இதே நோய். ஆறு மாத மருந்து, முழுச் சுகம். அவரைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

"ஒனக்குப் பைத்தியமாட்டி? சுகமான தீனத்த எதுக்குத் தோண்டுக? அவ ஊரெல்லாம் சொல்லுவா."

சொல்லுவாள்தான். ஆனால் அந்த விரல் மடங்கிப் போனால்? பிறகு யார் நிமிர்த்துவார்கள்?

ஜனவரி 26
சொன்னேன். "பொய் சொல்லுத" என்றாள். தோளைக் காட்டினேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 29
குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டம். எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளரில் சாயா, எனக்கு மட்டும் காகிதக் கோப்பையில். அப்போ ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அம்மிணி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பிரசவத்துக்கு ஆட்டோ பிடிச்சு ஓடியிருக்கேன் — எனக்கா இது?

அழவில்லை. குடித்து முடித்து எழுந்தேன். "ஆமா, எனக்கு இருந்துது. மருந்து தின்னேன், மாறிட்டுது. சந்தேகம் உள்ளவிய நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாருங்க. நான் அங்க உண்டு."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

ஜனவரி 30
பதினொன்றரை வரை ஒருவரும் இல்லை. பிறகு அம்மிணி அக்கா வந்தாள்.

"நானாக்கும் சொன்னது. பயத்துல சொல்லிட்டேன்."

"தெரியும். உள்ள வாங்க."

டாக்டர் சுஜா முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார். நேரத்தோடு வந்ததால் விரலைக் காப்பாற்றலாம் என்றார். மருந்து தொடங்கினால் பிறருக்குப் பரவாது, வேலைக்கும் போகலாம். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தோம். தண்ணீர்த் தம்ளரை நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

பிப்ரவரி 11
இரண்டு வீட்டில் இன்னும் எனக்குக் கதவு திறப்பதில்லை. ஜன்னல் வழியாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

மார்ச் 27
அம்மிணி அக்கா மூன்றாவது மாதத்து மாத்திரை அட்டை வாங்கினாள். ஒரு நாளும் விடவில்லை.

ஆகஸ்ட் 5
மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வாசலில் அம்மிணி அக்கா. கூடவே ஆரியங்கோட்டிலிருந்து வந்த ஒரு பெண், தலையில் முக்காடு.

"இவளுக்குக் காலுல ஒரு தேமலு. வர மாட்டேன்னு நின்னா. நான் எனக்கு வந்தது எல்லாம் சொல்லிட்டேன், கேட்டியா?"

நான் கை கழுவுவதற்குள் ராபின்சன் பாதிச் சோற்றில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார்.