ஒரே மாலை, மூன்று முறை

எழுதாமல் இருக்கத் தெரியாத என் அக்காவுக்கு,

உத்திரமேரூர் ஏரி நிரம்பிவிட்டது. நீ இல்லாத முதல் மழை. பத்திரிகையில் உன் இயற்கைப் பக்கத்தை இப்போது வேறு யாரோ எழுதுகிறார். நன்றாகத்தான் எழுதுகிறாராம். நான் படிப்பதில்லை.

உன் நாவல்கள், கவிதைகள், கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரப் பதிப்பாளர், அச்சுக்கு முன் பிழை பார்க்க மெய்ப்பு அனுப்பியிருந்தார். அம்மாவுக்குக் கண்புரை. நான் வாசித்தேன், அவள் கேட்டாள்.

"மதகின் மேல் ஒரு மடையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்."

அம்மா நிமிர்ந்தாள். "எந்த மடையன்டி? உங்க நைனாவயா எழுதிகீறா?"

மடையான். நீ எழுதிய கொக்கு. யாரோ அதைப் பிழை என்று நினைத்து, கொக்கை ஆளாக்கித் திருத்தியிருக்கிறார்கள். நீ போன பிறகு அம்மா அன்றுதான் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது.

பதிப்பாளரைக் கூப்பிட்டேன். வருந்தினார். பிறகு சொன்னார்: "அந்தக் கொக்கு கட்டுரை, கவிதை, நாவல்னு மூணு எடத்துல வருதும்மா. நாவல்ல மட்டும் வச்சுக்கலாமே. சொன்னதையே சொல்றாங்கன்னு படிக்கிறவங்க நெனப்பாங்க."

சொன்னதையேதான் சொன்னாய். அதுதான் நீ வேலை செய்த விதம். முதலில் கட்டுரை, ஒரு மாலை ஏரி மதகில் நீ பார்த்தபடி: உட்கார்ந்திருக்கையில் மண் நிறம், எழும்போது சிறகெல்லாம் வெள்ளை. சில மாதம் கழித்து, நான்கு வரிக் கவிதை. மடையான் என்று ஒரு சொல், அப்புறம் வெள்ளை மட்டும். பல வருடம் கழித்து நாவலில், புகுந்த வீட்டில் வாய் திறக்காத ஒருத்தி அதே மதகில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறாள். எழுந்துபோய் வாலாஜாபாத் பஸ் ஏறுகிறாள்.

கதை எழுதியபோது உன்னைக் கவிஞர் என்றார்கள். கவிதை எழுதியபோது, பறவை பார்க்கிறவர் என்றார்கள். மூன்றில் எது அந்த மாலை? எதை எடுத்தால் நீ குறையமாட்டாய்?

மறுத்தால் அவர் பின்வாங்கி, புத்தகமே வராமல் போகலாம். அம்மாவுக்கோ அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்க வேண்டும். அவளிடமே கேட்டேன்.

"ரெண்ட அறுத்துட்டு ஒண்ண குடுத்தா, அது எம் பொண்ணு புக்காடி?"

மெய்ப்புத் தாள்களை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "வராட்டி போவுது. நீ படி. காது நல்லாத்தான கீது."

இன்று காலை பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். முழுதாக இல்லையென்றால் வேண்டாம் என்று. இன்னும் பதில் இல்லை.

புத்தகம் வரும், அக்கா. இவர் போடாவிட்டால் இன்னொருவர். யாருமே போடாவிட்டால் நான். அதுவரை, ஒரு வரியும் தாண்டாமல், அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்க வாசிப்பேன்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
உன் தங்கை