குவாங்சோ படகுத்துறை

அன்புள்ள ரஹ்மத்,

கொடைக்கானலில் குளிர் தொடங்கியிருக்கும். இந்தச் சீன நகரத்தில் இன்னும் வேர்க்கிறது.

நம் பக்கத்துக் கடை தனசேகரும் மேனகாவும் மகளோடு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். நேற்று முழுக்க ஊர் சுற்றிக் காட்டினேன். இங்கே விடுமுறை வாரம். கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. ஆற்றையும் கோபுரத்தையும் அவர்கள் பார்த்தார்கள். நான் அந்த ஆறு வயதுக் குழந்தையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பிடித்த அவள் கையை விடவேயில்லை.

படகுத்துறையில் கூட்டம் நெருக்கியபோது அவள் அழுதுவிட்டாள். "மாமா, கை வலிக்குது. நான் எங்கயும் ஓட மாட்டேன்."

மேனகா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "விடுங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்." குழந்தையின் மணிக்கட்டு சிவந்து கன்றியிருந்தது. தனசேகர் என்னைக் கூட்டத்துக்கு வெளியே அழைத்துப் போனான். நம் மகனைத் தேடி ஏரிக்குள் இறங்கியவர்களில் அவனும் ஒருவன்.

அன்றைக்கு ஏரிக்கரையில், சீசன் கூட்டத்தில் பிள்ளை என் கையை உதறிவிட்டு ஓடினான் என்று எல்லாரிடமும் சொன்னேன். நீயும் நம்பினாய். "சொன்ன பேச்சைக் கேக்காத பய" என்று அவனையே திட்டித் திட்டி அழுதாய். ஏழு வருடமாக அந்த அழுகை என் காதை விட்டுப் போகவில்லை.

அவன் உதறவில்லை, ரஹ்மத். போன் அடித்தது. அதை எடுப்பதற்காக நான்தான் கையை விட்டேன். "அத்தா, கையப் பிடிங்க" என்று கேட்டான். "இருடா" என்றேன்.

இனி அவனைத் திட்டாதே.

உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்ட,
அவன் அத்தா