வராந்தாவைப் பார்த்த கதவு

அக்கா,

ஈரச் சுண்ணாம்பின் வாசனை காலையிலிருந்து என் கையை விட்டுப் போகவில்லை. நீ பாதியில் திரும்பி வந்த சித்தூர் ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே அறை கட்டுகிறார்கள். நான் அங்கே சித்தாள். எக்ஸ்ரே கதிர் வெளியே போய்விடக் கூடாதாம். சுவரை இரட்டைக் கனத்துக்கு எழுப்புகிறோம். கதவுக்கு விட்ட இடத்தைப் பார்த்ததும் தலைச்சுமையை இறக்காமலே நின்றுவிட்டேன். இந்தக் கதவும் வராந்தாவைப் பார்த்துத்தான் இருக்கிறது.

அன்று எவ்வளவு கவனமாகக் கிளம்பினோம்! நெஞ்சைப் படம் எடுத்தால்தான் உன் இருமலுக்கு மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று கேட்டு உன் மாமியார் அழுதே விட்டார். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி என்னிடம் கொடுத்தார்.

"கழட்டறதுக்கு மின்னாடி இத்தக் கட்டிடு. கழுத்து வெறுமனே இருக்கக் கூடாது."

தாலிக்கு மாற்று இருந்தது. ரவிக்கையைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

"ரவிக்கய தீசேசி, கழட்டிட்டு நில்லும்மா. ஊக்கு தெரிஞ்சா படம் கெட்டுடும்" என்று கம்பவுண்டர் அவசரப்படுத்தினார். மாற்ற இடமில்லை, மறைக்கத் துணியில்லை. கதவு திறந்தே கிடந்தது. வெளியே ஆண்கள் திருத்தணி மெட்ராசுக்கா ஆந்திராவுக்கா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லை போட அத்தனை பேர். ஒரு திரை போட ஆளில்லை. நான் தாவணியை விரித்துக்கொண்டு உன் முன்னால் நின்றேன்.

"உன் தாவணி ஒரு ஆளுக்கே பத்தல, இதுல நான் வேறயா?" என்று சிரித்தாய். பிறகு வெளியே பார்த்தாய். சிரிப்பு போய்விட்டது.

"வாடி, போலாம். இன்னொரு நாள் வரலாம்."

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. நீ ரத்தம் கக்கிய பிறகு உன்னை வண்டியில் போட்டுக்கொண்டு போனபோது, "அப்பவே படம் எடுத்திருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

வாயே திறக்காதவள் என்று என்னைக் கேலி செய்வாயே, இன்று திறந்தேன். "மேஸ்திரி, பொம்பளைங்க துணி மாத்த ஒரு தடுப்பு வெக்கலாமே?"

"இது எக்ஸ்ரே ரூமா, பொண்ணு ஜோடிக்கிற ரூமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓவர்சியரிடமும் கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. "பிளான்ல லேதும்மா."

மெஷினுக்கு இடம் இருக்கிறது. படம் காயவைக்கக்கூட இடம் இருக்கிறது. வந்து நிற்கப்போகிறவளை மட்டும் யாரும் நினைக்கவில்லை. இதை நினைத்தால் சுமக்கிற கல்லையெல்லாம் கீழே போட்டுவிடலாம் போல இருக்கிறது.

சாயங்காலம் மேஸ்திரி இரண்டு இரும்புக் கொக்கிகளை நீட்டினார். "மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு திரியாதே. சுவர் ஈரமா இருக்கச் சொல்லவே பதிச்சிடலாம். துணி உன் பாடு."

எதிரெதிர்ச் சுவர்களில் பதித்தோம். உன் நகரிப் புடவையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அறை திறக்கிற அன்று கொண்டுபோய்க் கட்டுவேன். அவிழ்த்து எறிவார்கள் என்றுதான் நினைக்கிறேன். மறுபடி கட்டுவேன்.

அது பதினாறு முழம், அக்கா. ஒரு ஆளுக்குப் பத்தும்.