இடது காலில் பிரேக்

2007 ஜூன் 14, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை புது பைக்கில் நானும் என் மனைவி சரஸ்வதியும் மைசூர் போவதாக ஏற்பாடு. அவளுக்கு முதுகுவலி என்பதால், பின் சீட்டில் சாய்ந்துகொள்ள இன்று கம்பித் தாங்கல் ஒன்று வைத்தோம்.

கடையிலிருந்து திரும்பும்போது, பாகலூர் ரோட்டில் முன்னால் போன கம்பெனி பஸ் சட்டென்று நின்றது. நான் இடது காலை அழுத்தினேன். பழைய வண்டியில் முப்பது வருஷமாக பிரேக் அங்கேதான். இதில் அங்கே கியர். பிரேக் வலது பக்கம். வண்டி உறுமியதே தவிர நிற்கவில்லை. கை பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். பஸ்ஸை இடிக்க ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

"என்ன வாத்தியாரே, பஸ்லயே ஏத்திடலாம்னு பாத்தீங்களா?" என்று பின்னாலிருந்து சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை.

ஒன்றாம் வகுப்பில் இடது வலது குழம்பும் பிள்ளைகளுக்கு வலது கையில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். பத்து நாளில் பழகிவிடும். இன்று அதே மாதிரி என் வலது ஷூவில் கட்டினேன். ஆனால் பஸ் திடீரென்று நின்றால் யார் ஷூவைப் பார்ப்பது? எனக்குப் பத்து நாளும் இல்லை.

காலையில் அவளிடம் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, நான் வரேன்" என்பாள். அதுதான் பயமாக இருக்கிறது.