காணாமல் போன டிஸ்க்குகள்

செவ்வாய், இரவு

சலீம் பாயின் கையைத் தட்டிவிட்டது இன்னும் உறுத்துகிறது. என் அப்பா வயது அவருக்கு.

உத்திரமேரூர் பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மாகறலில் எடுத்த கல்யாணப் படங்கள் மொத்தமும் அவருடைய லினக்ஸ் சர்வரில்தான். நேற்று அப்டேட் போட்டதிலிருந்து படங்கள் இருக்கும் டிஸ்க் ஒன்றுகூடத் தெரியவில்லை. யாரோ போனில் சொன்னதைக் கேட்டு, டிஸ்க்குகளை இணைக்கும் கார்டின் மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் அழிக்கவிருந்தார். சர்வரைச் சரிபார்க்க நான் நுழைந்தபோது விரல் என்டர் மேல் இருந்தது.

"இன்னாம்மா! டிஸ்க்குதான் பூட்ச்சே?"

"போவல பாய். எல்லா டிஸ்க்கும் நல்லா கீதுன்னு கார்டே காட்டுது பாருங்க. லினக்ஸுக்குத்தான் அதும்மேல கண்ணு தெரியல."

அப்டேட்டில் வந்த புதிய கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், இந்தப் பழைய கார்டை அடையாளம் காணும் டிரைவர் என்ற நிரலை லினக்ஸ்காரர்கள் எடுத்துவிட்டார்கள் என்று பாயிடம் சொன்னேன். வெளியீட்டுக் குறிப்பில் சொல்லிவிட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள். அதனால் அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. முந்தைய கர்னலில் சர்வரை ஏற்றினேன். படங்கள் வந்தன. பாய் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளிக்கி ஆல்பம் பாக்க வராங்கம்மா. இன்னொரு தபா தாலி கட்டுன்னா கட்டுவாங்களா?"

கர்னல் மறுபடி மாறாதபடி பூட்டி, படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டுவிட்டு வந்தேன். கார்டை மாற்றும்வரை தாங்கும். அதில் சந்தேகமில்லை. கையைத் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனை எடுத்தேன். அதற்குள் பாயே போன் செய்தார்.

"எல்லாம் காபி ஆய்டுச்சிம்மா. பாதிப் படத்துல மாப்ள கண்ண மூடிக்கினு கீறாரு. அதுக்கு எதுனா டிரைவர் கீதா?"